துணி அசையாது, மெஷின்தான் நகரும்: லாங்கார்ம் க்வில்டிங், முதன்முதலாகக் கற்பவர்களுக்கு

க்வில்ட் என்ற அடுக்குப் போர்வையைச் சட்டத்தில் விரித்துத் தைக்கும் லாங்கார்ம் மெஷின் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் இரண்டு கருத்துகள்தான் காதில் விழும். ‘அது கொஞ்சம் பெரிய தையல் மெஷின், தைக்கத் தெரிந்தவர்கள் போய் நின்றாலே போதும்’ என்பது ஒன்று. ‘அதெல்லாம் கம்ப்யூட்டர் சமாச்சாரம், பட்டனை அழுத்தினால் போர்வை வந்துவிடும்’ என்பது இன்னொன்று. இதில் எதை நம்பி முதல் வகுப்புக்குப் போனாலும் குழப்பம்தான். ஏனென்றால் அங்கே முதலில் தைக்கவே விடமாட்டார்கள். கையில் குண்டூசி டப்பாவைக் கொடுத்து, துணியைச் சட்டத்தில் மாட்டச் சொல்வார்கள்.

தையல் ஓரளவு தெரிந்து, லாங்கார்மை இதுவரை தொட்டிராதவர்களுக்காக இதை எழுதுகிறேன். மெஷின் எப்படி வேலை செய்கிறது, எங்கே கவனம் வேண்டும் என்பது மட்டும்தான் இங்கே. எந்தக் கம்பெனி மாடல் நல்லது என்ற பட்டிமன்றத்துக்குள் போகப்போவதில்லை.

## முதலில், க்வில்டிங் என்பது எது?

க்வில்ட் என்பது மூன்று அடுக்குப் போர்வை. மேலே இருப்பது மேல்துணி. பெரும்பாலும் சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டித் தைத்து உருவாக்கியது. நடுவில் பேட்டிங், அதாவது பருத்தி, பாலியெஸ்டர் அல்லது கம்பளி இழையாலான மெத்தென்ற விரிப்பு. கீழே அடித்துணி.

துண்டுகளை இணைத்து மேல்துணியைச் செய்யும் வேலைக்குப் பெயர் பீஸிங். அந்த மூன்று அடுக்கையும் ஊடுருவித் தைத்து ஒன்றாக்கும் வேலைக்குத்தான் க்வில்டிங் என்று பெயர். பேச்சுவழக்கில் இரண்டையும் சேர்த்து ‘க்வில்டிங்’ என்றே சொல்லிவிடுவதால்தான் பாதிக் குழப்பம். லாங்கார்ம் பீஸிங் செய்யாது. துண்டு துணிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அதற்கு ஒரு வேலையும் இல்லை. முடிந்த மேல்துணியைக் கொண்டுபோனால்தான் அதன் வேலை தொடங்கும்.

இந்த ஊடுருவும் தையல் எதற்கு? நம் ஊர் இலவம்பஞ்சு மெத்தையில் அங்கங்கே நூலை உள்ளே விட்டு இறுக்கிக் கட்டியிருப்பார்களே, அதே காரணம்தான். அந்தக் கட்டு இல்லையென்றால் பஞ்சு ஒரு மூலைக்கு ஒதுங்கிவிடும். க்வில்ட்டிலும், தையல் கோடுகளுக்கு நடுவே இடைவெளி அதிகமானால், துவைக்கத் துவைக்கப் பேட்டிங் நகர்ந்து கட்டி கட்டியாகும். அதனால் எத்தனை அங்குலத்துக்குள் தைத்தாக வேண்டும் என்று பேட்டிங் உறையிலேயே அச்சடித்திருப்பார்கள். சிலவற்றில் 4 அங்குலம், சிலவற்றில் 8, 10 வரைகூட இருக்கும். டிசைனைத் தேர்ந்தெடுக்கும் முன்பு அந்த உறையைப் படித்துவிடுங்கள்.

## பேனாவை நகர்த்துவதா, தாளை நகர்த்துவதா?

ஒரு பேனாவை மேஜைக்கு மேலே அசையாதபடி மாட்டிவிட்டு, அதன் கீழே தாளை நகர்த்தி உங்கள் பெயரை எழுதச் சொன்னால் எப்படி இருக்கும்? முடியும், ஆனால் எரிச்சல் வரும். வீட்டுத் தையல் மெஷினில் க்வில்டிங் செய்வது அதுதான். ஊசி ஒரே இடத்தில் நிற்கும். ஒரு கட்டில் அளவுப் போர்வையைச் சுருட்டி, மெஷினின் இடுக்குக்குள் திணித்து, தள்ளித் தள்ளி வளைவு வரைய வேண்டும்.

லாங்கார்மில் அப்படியே தலைகீழ். தாள் அசையாது. பேனாவை நீங்கள் கையில் பிடித்து ஓட்டுகிறீர்கள். துணி ஒரு நீளமான சட்டத்தில் விரிந்து கிடக்கும். மெஷின் சக்கரங்களின் மேல் ஏறி நிற்கும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நீங்கள் நடந்துகொண்டே அதை ஓட்டுவீர்கள்.

சக்கரங்கள் இரண்டு தட்டில் இருக்கும். கீழே ஒரு வண்டி, சட்டத்தின் நீளவாக்கில் இடம் வலமாக ஓடும். அந்த வண்டியின் மேல் மெஷின் முன்னும் பின்னும் ஓடும். இரண்டும் ஒரே நேரத்தில் நகரும்போது எந்தத் திசையிலும் கோடு போடலாம்; வட்டம், சுருள், இலை எல்லாம் வரும். சாதாரண மெஷினில் துணியைப் பின்னுக்கு இழுக்கும் ‘பல்’ இங்கே கிடையாது. துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கும் ஃபுட்டும் இல்லை. ஊசி இறங்கும்போது துணியை அழுத்தி, ஊசி ஏறும்போது தானும் எழும்பிவிடும் சின்ன வளையம்தான் ஃபுட். துள்ளித் துள்ளி இறங்குவதால் அதற்கு ஹாப்பிங் ஃபுட் என்று பெயர்.

மெஷினின் பெயரில் வரும் நீண்ட கை எது என்றால், ஊசிக்கும் மெஷினின் பின்தூணுக்கும் நடுவே உள்ள நீளம். அந்த இடைவெளியை த்ரோட் என்பார்கள். வீட்டு மெஷினில் இது ஆறு, ஏழு அங்குலம்தான். பெரிய வீட்டு மெஷின்களில் பத்து, பதினொன்று வரும். லாங்கார்மில் ஏறத்தாழ 18 அங்குலத்தில் தொடங்கி 30 வரை போகும். ஆனால் 18 அங்குல மெஷினில் 18 அங்குலமும் தைக்கக் கிடைக்காது. தைத்து முடித்த பகுதி சுருண்டு அந்த த்ரோட்டுக்குள்தான் கிடக்கும். போர்வை முடிய முடிய அந்தச் சுருள் பெருத்துக்கொண்டே போய், தைக்கும் இடத்தை விழுங்கும். டிசைனின் உயரத்தை மெஷினின் அளவை வைத்துத் தீர்மானித்தவர்கள் கடைசி வரிசைகளில் இடிபடுவது இதனால்தான்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: லாங்கார்ம் ஒட்டுப்போட்டுத் தராது, மூன்று அடுக்கை இணைக்கும். துணி நிற்கும், மெஷின் நகரும். அதனால் நீங்கள் பழகவேண்டியது வரைவது. உங்கள் தையல் அனுபவம் துணியைப் புரிந்துகொள்ள உதவும். கை வேலைக்குக் கொஞ்சம்தான் உதவும்.

## இது ‘ஏமாற்று வேலை’யா?

கையால் தைக்காதது க்வில்ட்டே அல்ல என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சட்டத்தில் துணியை விரித்து, பெண்கள் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே கையால் தைப்பது அமெரிக்காவின் பழைய வழக்கம். அதன் மேல் உள்ள பிரியத்தில் வரும் பேச்சு அது. 1980களில் மிசூரியில் கேமில் போன்ற கம்பெனிகள் லாங்கார்ம் மெஷின்களைச் செய்து விற்கத் தொடங்கிய காலத்தில் இந்தச் சண்டை சூடாக இருந்தது. கென்டக்கியின் படூக்கா நகரில் நடக்கும் பெரிய க்வில்ட் போட்டியில் 1989இல் கேரல் பிரையர் ஃபாலர்ட் மெஷினில் க்வில்டிங் செய்த போர்வை முதல் பரிசு வாங்கியது. மெஷின் வேலைக்கு அங்கே அந்தப் பரிசு கிடைத்தது அதுவே முதல் தடவை. பலர் முகம் சுளித்தார்கள். இன்று போட்டிகளில் மெஷின் வேலைக்குத் தனிப் பரிசுகளே உண்டு.

பழங்கதை போதும். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மேல்துணி செய்வதில் ஆர்வமுள்ளவர்கள் பெருகப் பெருக, அதை க்வில்டிங் செய்து கொடுப்பவர்களிடம் வரிசை நீண்டது. மிசூரியில் ஹாமில்டன் என்ற சின்ன ஊரில் ஜென்னி டோன் என்பவர் தன் போர்வைக்காக அப்படிக் காத்திருந்ததைப் பார்த்துத்தான், பிள்ளைகள் 2008இல் அவருக்கு ஒரு லாங்கார்ம் மெஷின் வாங்கிக் கொடுத்தார்கள். மற்றவர்களின் போர்வைகளைத் தைத்துக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்த அந்தக் கடைதான் மிசூரி ஸ்டார் க்வில்ட் கம்பெனி. இன்று அந்த ஊருக்கே அடையாளம் அதுதான்.

## தையலின் நீளத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?

சாதாரண மெஷினில் பல் ஒவ்வொரு தையலுக்கும் துணியைச் சம அளவு இழுக்கும். அதனால் தையல்கள் ஒரே நீளத்தில் விழும். இங்கே பல் இல்லையே? கையை வேகமாக ஓட்டினால் தையல் நீளும், மெதுவாக ஓட்டினால் பொடியாகும் அல்லவா?

ஆமாம், பழைய மெஷின்களில் அப்படித்தான். மோட்டார் ஒரே வேகத்தில் ஓடும். கையின் வேகத்தை அதற்கு ஏற்றபடி ஓட்டுபவர்தான் பழக்கிக்கொள்ள வேண்டும். இப்போதைய மெஷின்களில் ஸ்டிச் ரெகுலேட்டர் என்று ஒன்று இருக்கிறது. சக்கரங்களில் உள்ள உணரிகள், மெஷின் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று நொடிக்கு நொடி அளக்கும். அந்த அளவுக்குத் தகுந்தபடி மோட்டார் வேகம் கூடும், குறையும். அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்திருக்கிறீர்கள் என்றால், நொடிக்கு இரண்டு அங்குலம் ஓட்டும்போது ஊசி 20 முறை இறங்கும். வளைவில் தயங்கி அரை அங்குலம் மட்டும் நகர்ந்தால் 5 முறை. நீங்கள் நின்றால் ஊசியும் நிற்கும்.

புதியவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் இதன் மேல்தான் தவறான நம்பிக்கையும் அதிகம். ரெகுலேட்டர் தையலின் நீளத்தை மட்டும்தான் சமப்படுத்தும். கோட்டின் வடிவத்தை அல்ல. கோணல் வட்டம் போட்டால், ஒரே சீரான தையலில் கோணல் வட்டம் விழும். அதோடு ரெகுலேட்டருக்கும் ஓர் எல்லை உண்டு. கையை விசுக்கென்று இழுத்தால் மோட்டார் எட்டிப் பிடிக்க முடியாமல் நீளத் தையல் விடும், சில மெஷின்கள் பீப் அடித்து எச்சரிக்கும்.

## சட்டத்தில் ஏற்றுவது

வகுப்பில் முதலில் குண்டூசி கொடுப்பது இதற்குத்தான். ஆங்கிலம் பேசும் க்வில்ட்காரர்கள் இதை லோடிங் என்பார்கள். என்னைக் கேட்டால், பழகும் நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். பின்னால் வரும் சுருக்கம், தொய்வு, கோணல் எல்லாவற்றுக்கும் விதை இங்கேதான் விழுகிறது.

சட்டத்தின் நீளவாக்கில் உருளைகள் இருக்கும். முன்பக்கத்தில் ஒன்று அடித்துணிக்கு. மெஷினின் த்ரோட்டுக்குள் ஒன்று, தைத்து முடித்த போர்வை சுருளுவதற்கு. பல சட்டங்களில் மேல்துணிக்கும் தனி உருளை உண்டு. ஒவ்வோர் உருளையிலும் லீடர் என்ற கெட்டித்துணி நிரந்தரமாக ஒட்டியிருக்கும். உங்கள் துணியை அந்த லீடரில்தான் பின் குத்தவோ, ஜிப் போட்டு மாட்டவோ வேண்டும்.

முதலில் ஏறுவது அடித்துணி. மேலும் கீழும் இரண்டு விளிம்பும் இரண்டு உருளைகளின் லீடரில் மாட்டப்படும். இது மேல்துணியைவிட நாலாபக்கமும் 4 அங்குலமாவது பெரிதாக இருக்க வேண்டும். அதாவது 60க்கு 80 அங்குல மேல்துணிக்கு 68க்கு 88 அடித்துணி. இந்த மிச்சம் வீண் அல்ல. பக்கங்களில் கிளிப் போட்டு இழுத்துப் பிடிக்கவும், மெஷின் விளிம்புவரை ஓடும்போது கிளிப்பில் முட்டாமல் இருக்கவும், டென்ஷனை, அதாவது நூலின் இழுவையைச் சோதிக்கவும் அந்த இடம் வேண்டும்.

அடித்துணி சதுரமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று எல்லா ஆசிரியர்களும் வற்புறுத்துவார்கள். காரணம் எளிது. இடப்பக்கம் ஓர் அங்குலம் நீளம் அதிகமாக இருந்தால், உருளையை இறுக்கும்போது வலப்பக்கம் விறைக்கும், இடப்பக்கம் தொய்யும். தொய்ந்த இடத்தில் தையல் மடிப்பு விழும். அது கீழ்ப்பக்கம் என்பதால் போர்வையைக் கழற்றும்வரை கண்ணில் படாது.

க்வில்ட்டுக்கான பருத்தித் துணி பெரும்பாலும் 42 முதல் 44 அங்குல அகலம்தான் வரும். ஆகவே அடித்துணியில் பெரும்பாலும் ஓர் இணைப்பு வரும். அந்த இணைப்பு உருளைக்கு இணையாக, படுக்கைவாட்டில் வரும்படி பாருங்கள். குறுக்கே வந்தால், உருளை சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தடிப்பு அதே இடத்தில் அடுக்கடுக்காக ஏறி, அங்கே மட்டும் புடைக்கும், பக்கத்தில் தொய்யும். மேலே சொன்ன 60க்கு 80 போர்வைக்கு, 88 அங்குல நீளமுள்ள இரண்டு துண்டுகளை நீளவாக்கில் இணைத்து, அந்த 88 அங்குலப் பக்கத்தை உருளையோடு வைத்தால் இணைப்பு தானாகச் சரியான திசையில் வந்துவிடும். போர்வையும் படுத்த நிலையில் ஏறுவதால் உருட்ட வேண்டிய தடவைகள் குறையும். இணைக்கும் முன் துணியின் கரையை வெட்டி எடுத்துவிடுங்கள். கரை நெருக்கமாக நெய்தது, துணியோடு சேர்ந்து விரிந்து கொடுக்காது.

எவ்வளவு இறுக்க வேண்டும்? மத்தளம் மாதிரி என்று நினைத்து விறைப்பாக இழுப்பவர்கள் உண்டு. வேண்டாம். கீழிருந்து ஒரு விரலால் துணியைத் தள்ளி, மேலிருந்து அந்த விரல் நுனியைப் பிடிக்க முடிகிற அளவு இளக்கம் போதும். அதற்கு மேல் விறைத்தால் ஊசி இறங்கும்போது துணி எகிறும், தையல் விட்டுப்போகும். கழற்றிய பிறகு இழுபட்ட துணி சுருங்கி முகம் சுளிக்கும்.

அடித்துணியின் மேல் பேட்டிங்கை விரித்து, கையால் நீவிவிடுவதோடு சரி. அதை இழுக்கக் கூடாது. அதற்கு மேல் மேல்துணி. இதையும் உருளையில் மாட்டலாம், அல்லது மேல் விளிம்பை மட்டும் நேர்க்கோட்டில் தைத்துப் பிடிக்கவைத்து, மற்றதைத் தொங்கவிடலாம். தொங்கவிடும் முறைக்கு ஃப்ளோட்டிங் என்று பெயர். புதியவர்களுக்கு அதுதான் நல்லது என்பேன். பின் குத்தும் வேலை குறையும், மேல்துணி கோணலாக ஏறுகிறதா என்பதும் உடனே தெரியும். அந்த முதல் நேர்க்கோட்டைக் கண்மட்டத்தில் போடாதீர்கள். மெஷின் முன்னும் பின்னும் போகாமல் பூட்டிவிடும் வசதி இருக்கிறது. பூட்டினால் இடம் வலமாக மட்டும் ஓடும். அந்தக் கோட்டில் மேல்துணியின் விளிம்பைப் பொருத்தினால் அது சட்டத்துக்கு இணையாக உட்காரும்.

பிறகு பக்க விளிம்புகளை நீளத் தையலில் பிடிக்கவைத்து, அடித்துணியின் இரு பக்கமும் கிளிப் போட்டு, கைக்கு எட்டிய பகுதியைத் தைத்து, கிளிப்பைக் கழற்றி, உருட்டி, மறுபடி கிளிப் போட்டு... போர்வை முடியும்வரை இதேதான்.

இங்கே ஒரு வேண்டுகோள். க்வில்ட்காரர்கள் நடுவே ‘க்வில்டிங்கில் எல்லாம் சரியாகிவிடும்’ என்று ஒரு பேச்சு உண்டு. பாதி கிண்டல், பாதி ஆறுதல். சின்னத் தொய்வுகள் சரியாகும், உண்மைதான். ஆனால் ஓரப் பட்டை நடுப்பகுதியைவிட நீளமாக வெட்டப்பட்டு அலை அலையாக நின்றால், எந்த மெஷினும் அந்த மிச்சத் துணியைக் காணாமல் போக்காது. மடிப்பாகத்தான் விழும். மேல்துணி தட்டையாக இருக்கிறதா, இணைப்புகள் பிரியாமல் இருக்கின்றனவா, பின்னால் கறுப்பு நூல் தொங்கி வெள்ளைத் துணிக்குள் தெரிகிறதா என்று வீட்டிலேயே இஸ்திரி போடும்போது பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

## டென்ஷன்: மனிதர்களுக்கும் நூலுக்கும்

டென்ஷன் என்றால் நூல் எவ்வளவு இழுவையோடு ஓடுகிறது என்பது. மேல் நூலும் பாபின் நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிப்பதுதான் ஒரு தையல். அந்தக் கொக்கி பேட்டிங்குக்குள் ஒளிந்திருந்தால் இரண்டு பக்கமும் அழகாக இருக்கும். ஒரு நூல் மற்றதை ஜெயித்தால் கொக்கி மேலேயோ கீழேயோ வந்து பல்லை இளிக்கும்.

வீட்டு மெஷினில் ஒரு தடவை சரிசெய்தால் நாள்கணக்கில் தொல்லை இல்லை. லாங்கார்மில் மட்டும் ஏன் இந்தப் பாடு? ஏனென்றால் அங்கே துணி எப்போதும் ஒரே திசையில் ஓடுகிறது. இங்கே மெஷின் எல்லாத் திசையிலும் ஓடுகிறது. வலப்பக்கம் ஓடும்போது ஊசி ஒரு பக்கம் வளைகிறது, இடப்பக்கம் ஓடும்போது மறுபக்கம். நூல் இழுபடும் கோணமும் மாறுகிறது. நேர்க்கோட்டில் பிரமாதமாக விழும் தையல், வளைவில் சொதப்பலாம். அதனால்தான் லாங்கார்ம் ஊசிகள் தடிமனாக இருக்கின்றன. வளையாமல் தாக்குப்பிடிக்க வேண்டும்.

கீழ்ப்பக்கம் பாபின் நூல் வளையாமல் நேராகப் படுத்துக் கிடந்து, மேல் நூல் அதைப் புள்ளி புள்ளியாகச் சுற்றிக்கொண்டிருந்தால், மேல் நூல் இளகியிருக்கிறது, அல்லது பாபின் இறுகியிருக்கிறது. மேல்பக்கம் மேல் நூல் அப்படிப் படுத்துக் கிடந்தால் நேர் எதிர். வளைவுகளில் மட்டும் கீழே கண்ணிமை முடி மாதிரி நூல் நீண்டு நின்றால், மேல் டென்ஷன் போதவில்லை. கூடவே வளைவை வேகமாக ஓட்டியிருக்கிறீர்கள்.

சரிசெய்யும் வரிசை முக்கியம். முதலில் பாபின். பாபின் கேஸை உள்ளங்கையில் படுக்க வைத்து, நூலைப் பிடித்து மெல்ல மேலே இழுங்கள். கேஸ் எழுந்து நிற்க வேண்டும். கையைவிட்டுக் கிளம்பக் கூடாது. கிளம்பினால் இறுக்கம், எழவே இல்லையென்றால் இளக்கம். கேஸில் உள்ள சின்னத் திருகைக் கடிகார முள் நகர்கிற அளவு, துளித் துளியாகத் திருப்புங்கள். பாபின் சரியான பிறகு அதைத் தொடாமல், மேல் நூலின் குமிழை மட்டும் திருப்பி மற்றதைச் சரிசெய்யலாம். இரண்டையும் மாற்றி மாற்றித் திருப்பினால் எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போய்விடும்.

சோதனைக்கு அந்த 4 அங்குல மிச்சம் இருக்கிறதே, அங்கே கொஞ்சம் பேட்டிங்கும் ஒரு துணித்துண்டும் வைத்து இரண்டு சுருள், ஒரு நேர்க்கோடு, ஒரு கூர்முனை தைத்துப் பாருங்கள். டார்ச்சோடு குனிந்து கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். முதுகு வலித்தால் போனை அடியில் நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளலாம். பாபின் மாற்றும்போதெல்லாம், உருட்டும்போதெல்லாம் இதைச் செய்வது அலுப்புதான். ஆனால் கழற்றிய பிறகு ஒரு முழுப் போர்வையின் தையலைப் பிரிப்பது அதைவிட அலுப்பு.

சுருக்கமாக: அடித்துணி சதுரமாக, மிதமான இழுவையில் ஏற வேண்டும். பாபினில் தொடங்கி மேல் நூலுக்கு வர வேண்டும். இந்த இரண்டும் சரியாக இருந்தால், சுமாரான டிசைன்கூட நன்றாகத் தெரியும்.

## முன்னால் நின்று தைப்பதும் பின்னால் நின்று தைப்பதும்

மெஷினுக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு. முன்பக்கம், அதாவது ஊசி இருக்கும் பக்கம் நின்றால், கண்ணுக்கு முன்னால் துணியைப் பார்த்துக்கொண்டே மனதில் தோன்றியதை வரையலாம். இது ஃப்ரீஹேண்ட். பின்பக்கம் ஒரு மேஜைத் தட்டில், நீளமான தாளில் அச்சடித்த டிசைனை விரித்து வைத்திருப்பார்கள். மெஷினில் பொருத்திய லேசர் புள்ளி அந்தத் தாளில் விழும். அந்தப் புள்ளி கோட்டின் மேலேயே போகும்படி மெஷினை ஓட்டினால், அந்தப் பக்கம் அதே உருவம் துணியில் விழும். இந்தத் தாள் டிசைனுக்குப் பேன்டோகிராஃப் என்று பெயர். துணியைப் பார்க்காமலே தைப்பது முதலில் விசித்திரமாக இருக்கும். ஆனால் ‘எனக்கு வரையவே வராது’ என்பவர்கள் முதல் போர்வையை முடிப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான். ஒரு வரிசை முடிந்ததும் உருட்டி, அடுத்த வரிசையைச் சரியான இடத்தில் தொடங்குவதுதான் இதில் நுணுக்கம்.

அக்ரிலிக் ஸ்கேலை ஃபுட்டை ஒட்டிப் பிடித்து நேர்க்கோடும் வில்லும் போடும் முறை ஒன்றும் உண்டு. ஒரு கையால் ஸ்கேல், ஒரு கையால் மெஷின். இதற்குக் கால் அங்குலத் தடிமனுள்ள தனி ஸ்கேல் வேண்டும். வெட்டுவதற்கான மெல்லிய ஸ்கேல் ஃபுட்டுக்கு அடியில் நழுவிப்போனால் ஊசி உடையும். இதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

கடைசியில் அந்தக் கம்ப்யூட்டர் விஷயம். உண்மையிலேயே டிசைனைக் கொடுத்தால் மோட்டார் வைத்து மெஷினைத் தானே ஓட்டிச் செல்லும் அமைப்புகள் இருக்கின்றன. கோடு துல்லியமாக விழும். ஆனால் துணியை ஏற்றுவதும், டென்ஷன் பார்ப்பதும், பாபின் தீர்ந்தால் மாற்றுவதும், நூல் அறுந்த இடத்தைத் தேடிப்போய்த் தொடர்வதும், உருட்டிவிட்டு அடுத்த வரிசையைப் பொருத்துவதும் மனிதர்தான். மேலே இவ்வளவு நேரம் விளக்கியதில் வரைவதை மட்டும்தான் அது எடுத்துக்கொள்கிறது.

## முதல் நாள் என்ன செய்யலாம்?

முதலில் பேப்பர். ஒரு வெள்ளைத் தாளில் பேனாவை எடுக்காமல், கோடு கோட்டை வெட்டாமல், தாள் முழுக்க வளைந்து வளைந்து நிரப்பிப் பாருங்கள். இதற்கு மியாண்டர் என்று பெயர். எல்லோரும் இதில்தான் ஆரம்பிக்கச் சொல்வார்கள். நான் மாட்டேன். மியாண்டரில் கோடு தன்னைத்தானே தொடக் கூடாது என்ற விதி இருக்கிறது. புதியவர்கள் அடிக்கடி மூலையில் மாட்டிக்கொள்வார்கள். அதைவிடக் கோடு தாராளமாகத் தன்னை வெட்டிக்கொள்ளலாம் என்கிற சுழிகள் சுலபம். ஒரு சுழி, ஒரு வளைவு, மறுபக்கம் ஒரு சுழி. கையெழுத்துப் பழகிய கைக்கு அது உடனே வரும்.

பிறகு மலிவான காடாத்துணியை மேலும் கீழும் போட்டு, நடுவில் பேட்டிங் வைத்துச் சட்டத்தில் ஏற்றுங்கள். மேலே ஒரு நிறம், பாபினில் வேறு நிறம். டென்ஷன் பிசகினால் நிறம் எதிர்ப்பக்கம் எட்டிப்பார்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். உண்மையான போர்வைக்கு வரும்போது இரண்டும் ஒரே நிறமாக, துணியோடு கலந்துபோகிறதாக இருக்கட்டும். பூப்போட்ட துணியில் கோணல் தெரியாது. பளிச்சென்ற ஒற்றை நிறத் துணியில் மாற்று நிற நூல் எல்லாவற்றையும் ஊருக்குச் சொல்லும்.

தொடங்கும்போது ஊசியை ஒரு தடவை இறக்கி ஏற்றி, பாபின் நூலை மேலே இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அது கீழே கூடு கட்டும். அதே இடத்தில் மூன்று நான்கு பொடித் தையல் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். முடிக்கும்போதும் அதே மாதிரி.

கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கோடு நடுங்கும். முழங்கை உடம்பை ஒட்டி இருக்கட்டும். மணிக்கட்டால் ஆட்டாமல், உடம்போடு சேர்ந்து நகருங்கள். கண் ஊசியில் இருக்கக் கூடாது. போகவேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். ரொம்ப மெதுவாக ஓட்டினாலும் கோடு ஆடும். ஓரளவு ஓட்டத்தில்தான் வளைவு வழுவழுப்பாக வரும். உங்களுக்குத் தோதான வேகத்தைக் காடாத்துணியிலேயே கண்டுபிடித்துவிடுங்கள். நாள் முழுக்க நிற்கும் வேலை என்பதால் நல்ல செருப்போ ஷூவோ போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் போர்வையைப் பெண்ணின் கல்யாணத்துக்கு என்று தேர்ந்தெடுக்காதீர்கள். குழந்தைப் போர்வை அளவு, நாய்க்குட்டிக்கு விரிக்கிற அளவு போதும்.

## வாங்குவதா, வாடகையா?

விலை சில ஆயிரம் டாலரில் தொடங்கி, பெரிய சட்டமும் கம்ப்யூட்டரும் சேர்ந்தால் ஒரு காரின் விலைக்குப் போய்விடும். அதனால் அமெரிக்காவில் பல க்வில்ட் கடைகள் ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, பிறகு மணிக்கணக்கில் மெஷினை வாடகைக்கு விடுகின்றன. வாங்கும் எண்ணம் இருந்தாலும் முதலில் அப்படிச் சில போர்வைகளை முடித்துப் பாருங்கள். ஏற்றுவதும் டென்ஷனும் உங்கள் பொறுமைக்கு ஒத்துவருகிறதா என்று அதில் தெரிந்துவிடும்.

தானே செய்ய வேண்டாம், கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றால், கணக்கு சதுர அங்குலத்தில் போடுவார்கள். சதுர அங்குலத்துக்கு 2 சென்ட் என்று வைத்துக்கொண்டால், 60க்கு 80 போர்வை 4,800 சதுர அங்குலம், 96 டாலர். பேட்டிங், நூல் தனி. கட்டத்துக்குக் கட்டம் வேறு வேறு டிசைன் கேட்டால் விலை பல மடங்காகும். நூறு டாலரா என்று மலைப்பவர்கள் ஒரு தடவை வாடகைக்கு எடுத்துத் தாங்களே செய்து பார்த்த பிறகு பேரம் பேசுவதில்லை.

வாங்கியே தீர்வேன் என்பவர்கள் கடைக்குப் போகும் முன்பு டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். 12 அடிச் சட்டம் என்றால் 12 அடி அறையில் அடங்காது. இரண்டு முனையிலும் ஆள் சுற்றிவர இடம் வேண்டும். பேன்டோகிராஃப் தைக்க ஆசையிருந்தால் பின்பக்கச் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே நீங்கள் நின்று நடக்கவும் இடம் விட வேண்டும்.